மாத்திரை ஒன்று, உடல் வேறு: மனச்சிதைவும் மரபணுவும்
(மருத்துவக் கேள்வி பதில்)

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் குடும்பத்தில் தொடருமா, மருந்து ஏன் ஒருவருக்கு ஒத்துப்போய் இன்னொருவருக்கு ஒத்துப்போவதில்லை என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டோம். கீழே வரும் மருந்தளவுகள் உங்கள் மருத்துவரிடம் தெளிவாகப் பேசுவதற்காக. வீட்டில் நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ அல்ல.

அக்காவுக்கு 23 வயதில் மனச்சிதைவு வந்தது. எனக்கு இப்போது 31, ஐந்து மாதக் கர்ப்பம். ‘ரத்தத்தில் வருகிற நோய்’ என்று மாமியார் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் வருமா? பிள்ளைக்கும் வருமா? (புங்கோல் வாசகி)

அம்மா, முதலில் எண்களைப் பார்ப்போம். பொதுவாக 100 பேரில் சுமார் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அது 100-க்கு 9 அல்லது 10. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10 முதல் 13. தாய் தந்தை இருவருக்கும் இருந்தால் 40-ஐ ஒட்டிப் போகும். உங்கள் வயிற்றில் வளரும் பிள்ளைக்கு நோயாளி பெரியம்மா முறை. அந்த உறவில் வாய்ப்பு 100-க்கு 3 அல்லது 4. அதாவது 96 பிள்ளைகளுக்கு வராது.

உங்கள் வாய்ப்பு அந்த 9-ஐவிடக் குறைவு. அந்த எண் ஆயுள் முழுவதற்குமான கணக்கு. ஆண்களுக்குப் பதின்ம வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள்ளும், பெண்களுக்கு அதற்குச் சில ஆண்டுகள் பின்னும் நோய் பெரும்பாலும் தலைகாட்டிவிடும். பெண்களுக்கு 45-க்குப் பிறகு ஒரு சிறு ஏற்றம் உண்டு. இருந்தாலும் 31 வயதில் அந்தக் காலத்தின் பெரும்பகுதியை நீங்கள் கடந்துவிட்டீர்கள்.

‘80 விழுக்காடு மரபு’ என்று எங்காவது படித்திருப்பீர்கள். அந்த எண் உண்மைதான், ஆனால் பலரும் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு சமுதாயத்தில் ஆளுக்கு ஆள் இந்நோய்க்கான வாய்ப்பு மாறுபடுகிறது அல்லவா, அந்த மாறுபாட்டில் ஏறக்குறைய 80 விழுக்காடு மரபணு வேறுபாடுகளால் வருகிறது என்பதே அதன் பொருள். ஒரு பிள்ளைக்கு 80 விழுக்காடு வரும் என்பதல்ல. டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது 33 விழுக்காடுதான். மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் மூன்றில் இரண்டு பேருக்கு வரவில்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது, கர்ப்பகாலப் பரிசோதனைகளைத் தவறவிடாமல் இருப்பது. கருவில் வளர்ச்சிக் குறைவும் பிரசவச் சிக்கல்களும் பின்னாளில் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். பிள்ளை வளர்ந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் வயதில் கஞ்சாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், வீரியம் மிகுந்த கஞ்சாவை நாள்தோறும் புகைத்தவர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கை நெருங்கியது. குடும்பத்தில் நோய் உள்ள பிள்ளைக்கு இந்தப் பேச்சு இன்னும் முக்கியம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் புகைத்தாலும் இங்கே குற்றம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் மகனுக்கு என் தம்பி மகளைப் பேசுகிறோம். என் தந்தைக்கு இந்த நோய் இருந்தது. முறைதான், ஆனால் பயமாக இருக்கிறது. (ஜூரோங் வெஸ்ட்)

உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் அளவோடுதான். உங்கள் தந்தை மணமக்கள் இருவருக்குமே தாத்தா. ஆகவே அவரிடமிருந்து வந்த மரபுச் சுமை இரண்டு பக்கத்திலிருந்தும் பேரப்பிள்ளையின் பிள்ளைக்குச் சேரலாம். ஆனால் மனச்சிதைவில் அந்தச் சுமை ஒரே மரபணுவில் இருப்பதில்லை. ஏராளமான இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகக் குறைகிறது. சொந்தத்தில் திருமணம் செய்தால் மனச்சிதைவு கூடுமா என்று பார்த்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. தாலசீமியா போல, இரு பெற்றோரும் ஒரே குறையைச் சுமந்தால் மட்டும் வரும் நோய்களுக்கு இத்தகைய மணம் தெளிவாக வழிவிடுகிறது. ஆகவே திருமணத்துக்கு முன் மரபியல் ஆலோசனைக்குப் போவதானால் அந்தப் பரிசோதனைகளையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். தாத்தாவின் நோயை இரு பிள்ளைகளிடமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பதினெட்டு வயது வரை நன்றாகப் படித்த பிள்ளை. பிறப்பிலேயே மரபணுவில் இருந்தால் ஏன் அதுவரை தெரியவில்லை? (பிடோக்)

மரபணு பிறப்பிலிருந்தே இருந்தாலும், அது வேலை செய்யும் காலம் வேறாக இருக்கலாம். குழந்தைப் பருவத்தில் மூளை நரம்பு இணைப்புகளைத் தேவைக்கு மேல் உண்டாக்கிவிடுகிறது. பதின்ம வயதில் வேண்டாதவற்றைக் கழித்துக்கட்டுகிறது. தோட்டக்காரர் செடியைக் கவாத்து செய்வதைப் போல. ஆறாவது குரோமோசோமில் நோய் எதிர்ப்பு சார்ந்த பகுதியில் சி4 என்று ஒரு மரபணு உண்டு. கழிக்க வேண்டிய இணைப்புகளுக்கு அடையாளம் போடும் வேலையில் அது சேர்ந்திருக்கிறது. அதன் ஒரு வகை கூடுதலாக வேலை செய்பவர்களுக்கு மனச்சிதைவு வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று 2016-இல் தெரியவந்தது. அளவுக்கு மீறிய கவாத்து ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்துக்கு இதுவரை கிடைத்ததில் வலுவான ஆதாரம் இதுதான். இதை வைத்து இன்று மருந்து எதுவும் இல்லை. சி4 பரிசோதனை செய்துகொள்வதாலும் பயன் இல்லை.

ஆனால் நோயின் தொடக்கக் காலத்தில் விரைவாகச் சிகிச்சை கிடைத்தால் பின்விளைவு நன்றாக இருக்கிறது. பிள்ளை நண்பர்களை விட்டு ஒதுங்குவது, இரவு பகல் மாறிப்போவது, தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சந்தேகப்படுவது, யாருமில்லாத இடத்தில் பதில் சொல்வது இவை சில வாரம் நீடித்தால் காத்திருக்காதீர்கள். சிங்கப்பூர் மனநலக் கழகத்தில் தொடக்கநிலை மனநோய்க்கான தனித் திட்டம் 2001-இலிருந்து நடக்கிறது. அவசரமென்றால் அதன் 24 மணி நேர எண் 6389 2222.

இணையத்தில் வாங்கிய எச்சில் பரிசோதனையில் 19 வயது மகனுக்கு ‘மனச்சிதைவு: சராசரியைவிட அதிகம்’ என்று வந்திருக்கிறது. தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவச் சேவைக்கு) போகப்போகிறான். அங்கே சொல்ல வேண்டுமா? காப்புறுதி கிடைக்குமா? (சுவா சூ காங்)

அந்த ஒரு வரிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் ஐயா. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால் ஏன் என்பது புரியும்.

2022-இல் வெளியான உலகளாவிய ஆய்வில் 76,755 நோயாளிகளின் மரபணுக்களை நோயில்லாத 2,43,649 பேருடையவற்றோடு ஒப்பிட்டார்கள். 287 இடங்களில் வேறுபாடு தெரிந்தது. தனித்தனியே பார்த்தால் பெரும்பாலும் ஒவ்வொன்றும் வாய்ப்பைச் சில விழுக்காடுதான் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகளைக் கூட்டிப் போடும் மதிப்பெண்தான் உங்கள் கையில் இருப்பது. ஐரோப்பிய வம்சாவளியினரிடமே அது நோய் வாய்ப்பின் மாறுபாட்டில் சுமார் 7 விழுக்காட்டைத்தான் விளக்குகிறது. ‘மூன்று மடங்கு’ என்று வந்தாலும் பொருள் இதுதான்: 100-க்கு 1 என்பது 3 ஆகிறது, மீதி 97 பேருக்கு வருவதில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த மதிப்பெண்ணில் எந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு எடை என்பது பெரும்பாலும் ஐரோப்பியர்களிடமிருந்து கணக்கிட்டது. மரபணுத் துண்டுகள் எதோடு எது சேர்ந்து தலைமுறை தாண்டுகின்றன என்பது இனத்துக்கு இனம் மாறும். கிழக்காசியர்களில் 22,778 நோயாளிகளைச் சேர்த்து 2019-இல் வந்த ஆய்வில் நம் மனநலக் கழக ஆய்வாளர்களும் பங்குகொண்டார்கள். நோயின் மரபு அடிப்படை இரு பக்கமும் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் ஐரோப்பியரிடம் கணக்கிட்ட மதிப்பெண் ஆசியர்களிடம் சரியாகக் கணிப்பதில்லை என்று அது காட்டியது. தமிழர்களைப் பற்றிய தரவு இன்னும் குறைவு. சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் அமைப்போடு சேர்ந்து தமிழ்நாட்டில் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில் சுமார் மூவாயிரம் பேர் இருந்தார்கள். நயாசின் என்ற பி வைட்டமினை உடல் கையாளும் ஒரு மரபணுவை அது சுட்டியது. அதை வைத்து நயாசின் மாத்திரை வாங்கிச் சாப்பிடத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு ஆய்வின் சுட்டுதல் சிகிச்சை ஆகாது. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என ஒரு லட்சம் பேரின் மரபணுக்களைப் பார்க்கும் திட்டம் போன்றவற்றால்தான் இந்த இடைவெளி குறையும். இத்தகைய ஆய்வுகளுக்கு அழைப்பு வந்தால் கலந்துகொள்ளுங்கள் என்று நம் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அறிக்கையில் காம்ட், டிஸ்க்1 என்று ஓரிரு மரபணுப் பெயர்களை மட்டும் போட்டு ‘ஆபத்து’ என்று எழுதியிருந்தால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். சிறிய ஆய்வுகளில் வந்த அந்தப் பழைய கருத்துகள் பெரிய ஆய்வுகளில் நிற்கவில்லை.

தேசிய சேவை மருத்துவப் பரிசோதனையில் அறிகுறி, சிகிச்சை, குடும்ப நோய் வரலாறு பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். எச்சில் மதிப்பெண் இவற்றில் எதுவும் அல்ல. காப்புறுதிக்கு, சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021 அக்டோபரில் கொண்டுவந்த ஏற்பாடு உண்டு. நீங்களாக வாங்கிச் செய்த இத்தகைய பரிசோதனையின் முடிவைக் காப்புறுதி நிறுவனம் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே நோய் உறுதியாகி இருந்தால் அது வேறு. அதை மறைத்து வாங்கிய காப்புறுதி, பணம் கோரும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

மகன் பிறந்தபோதே இதயத்தில் ஓட்டை, அறுவை சிகிச்சை நடந்தது. மேலண்ணத்தில் பிளவு. மூக்கால் பேசுவான், படிப்பில் மெதுவாகத்தான் வருவான். 21 வயதில் குரல்கள் கேட்கின்றன என்கிறான். எல்லாம் தனித்தனி நோய்களா? (உட்லண்ட்ஸ் தாயார்)

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் தனியே எடுத்து வைத்தோம். மனச்சிதைவில் மரபணுப் பரிசோதனை உண்மையில் செய்ய வேண்டிய இடம் இதுதான். இருபத்திரண்டாவது குரோமோசோமில் 22க்யூ11.2 என்ற சிறு பகுதி விடுபட்டுப் போனால் நீங்கள் எழுதியது எல்லாமே ஒரே காரணத்தால் வரலாம். அந்தப் பகுதி இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பெரியவரானதும் மனச்சிதைவு வருகிறது. மற்ற மரபணு வேறுபாடுகள் வாய்ப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிது.

மனநல மருத்துவரிடம் இந்தப் பட்டியலை எழுதிக் கொடுங்கள்: இதயக் குறை, மேலண்ணம், மூக்குப் பேச்சு, கற்றலில் தாமதம், சிறு வயதில் அடிக்கடி வந்த தொற்று, வலிப்பு, கை கால் மரத்துப்போய் இழுத்துக்கொள்வது. குரோமோசோம் மைக்ரோஅரே என்ற ரத்தப் பரிசோதனை இதைக் கண்டுபிடிக்கும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் மரபியல் பிரிவு உண்டு. பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் உடனே பார்க்க வேண்டியது ரத்தத்தில் கால்சியம். இந்நிலையில் பாராதைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாமல் கால்சியம் குறைந்திருக்கலாம். தெரியாமல் விட்டுவிட்டால் வலிப்பு வரலாம். மனநோய் மருந்துகளில், குறிப்பாக குளோசபினில், அந்த ஆபத்து இன்னும் கூடும். கால்சியத்தோடு மெக்னீசியம், பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு அளவுகளையும் இதயத்துக்கு ஈசிஜியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மருந்து வேலை செய்யாது என்று பொருளல்ல. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள்.

இது உறுதியானால் உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பத்தில் ஒன்பது பேருக்கு இந்த விடுபடல் புதிதாக நேர்வது, பெற்றோரிடமிருந்து வருவதல்ல. அதை உறுதிசெய்யப் பெற்றோர் இருவருக்கும் ஒரு முறை பரிசோதனை செய்வார்கள். ஆனால் உங்கள் மகனுக்குப் பிள்ளை பிறந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

ரிஸ்பெரிடோன் 2 மில்லிகிராமிலேயே என் தம்பிக்குக் கை கால் இறுகி, முகம் பொம்மை போல ஆகிவிட்டது. அவனோடு வார்டில் இருந்தவர் 6 மில்லிகிராம் சாப்பிட்டு நன்றாக நடக்கிறார். இது மரபணுவாலா? (ஈசூன்)

இருக்கலாம். கல்லீரலில் சிஒய்பி2டி6 என்று ஒரு நொதி உண்டு. ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல், ஹாலோபெரிடோல் ஆகியவற்றைச் சிதைப்பதில் அதற்குப் பெரும் பங்கு. அந்த நொதியைச் செய்யும் மரபணு ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். சிலருக்கு இரு பிரதிகளும் வேலை செய்யாது. சிலருக்கு மூன்று நான்கு பிரதிகள் இருந்து மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். சீனரிடையேயும் மலாய்க்காரரிடையேயும் ‘10’ என்று எண்ணிட்ட மந்த வகை மிகப் பரவலாக உண்டு. இந்தியரிடையே ‘41’, ‘4’ ஆகியவை கணிசம். நொதி அறவே இல்லாதவர்கள் இந்தியரில் 100-க்கு இரண்டு மூன்று பேர்தான்.

ஆனால் மரபணு என்று முடிவுகட்டும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, தம்பி வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா? பராக்செட்டின், ஃப்ளுஓக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்துகள் இந்த நொதியை அடக்கிவிடும். நல்ல மரபணு இருந்தும் நொதி இல்லாதவரைப் போல உடல் நடந்துகொள்ளும். எந்த மரபணு அறிக்கையும் இதைக் காட்டாது. இரண்டு, முதல் முறை நோய் வந்த இளைஞர்கள் இயல்பாகவே குறைந்த அளவுக்கே இறுகிப்போவார்கள். அளவைக் குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

பரிசோதனை செய்து ‘நொதி இல்லை’ என்று வந்தால், டச்சு மருந்தாளர் வழிகாட்டியின்படி ரிஸ்பெரிடோனை வழக்கமான அளவில் மூன்றில் இரண்டாகவும் ஹாலோபெரிடோலை 60 விழுக்காடாகவும் குறைக்கலாம். அரிப்பிப்ரசோல் நாளுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 400 மில்லிகிராம் மாத ஊசிக்குப் பதில் 300. அரிப்பிப்ரசோலில் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய 75 மணி நேரம் ஆகும். நொதி இல்லாதவருக்கு 146 மணி. அதாவது அளவை மாற்றிய பிறகு ரத்தத்தில் நிலைக்கு வர ஒரு மாதம் ஆகும். பத்தாம் நாள் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று அளவை ஏற்றினால் மூன்றாவது வாரத்தில்தான் இரண்டும் சேர்ந்து தாக்கும். மருந்து கூடியதால் நாற்காலியில் உட்கார முடியாமல் வரும் தவிப்பு, நோய் கூடிவிட்டதைப் போலத் தெரியும். அதனால் மீண்டும் அளவு ஏறும். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் நிறைய.

இன்னொரு வழி, நொதியைச் சாராத மருந்துக்கு மாறுவது. அமிசல்பிரைடும் பாலிபெரிடோனும் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இவை தம்பிக்கு ஏற்றவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பரிசோதனைக் கூடத்தில் ஒன்றைக் கேளுங்கள்: மரபணுவின் பிரதி எண்ணிக்கையையும் எண்ணுகிறீர்களா? எழுத்து மாற்றங்களை மட்டும் பார்க்கும் கூடங்கள் முழுதாக விடுபட்ட பிரதியையும் கூடுதல் பிரதியையும் தவறவிட்டு ‘இயல்பு’ என்று எழுதிவிடும். முடிவு ஆயுளுக்கும் மாறாது. அறிக்கையைப் பத்திரப்படுத்தி, கோடீன், டிரமடால் போன்ற வலி மருந்துகள் எழுதும்போதும் காட்டுங்கள்.

அண்ணனுக்கு இரண்டு மருந்தும் பலிக்கவில்லை. குளோசபின் தொடங்கியிருக்கிறார்கள். வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. எந்த மருந்து பலிக்கும் என்று மரபணுவிலேயே பார்த்து முதலிலேயே கொடுத்திருக்கக் கூடாதா? அவர் நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பார், நிறுத்தச் சொல்கிறோம். தைப்பூச விரதமும் இருப்பார். (தோ பாயோ)

முதல் கேள்விக்கு: முடியாது. இந்த மருந்து இவருக்குப் பலிக்கும் என்று சொல்லும் மரபணுப் பரிசோதனை இன்று இல்லை. இம்மருந்துகள் மூளையில் ஒட்டும் இடமான டோபமின் ஏற்பியின் மரபணு வகைகள் சிலவற்றுக்கும் பலனுக்கும் சிறு தொடர்பு தெரிந்தது உண்மை. ஒரு நோயாளிக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அது போதாது. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் தலா ஆறு வாரமாவது, தவறாமல் சாப்பிட்டும் பலிக்காவிட்டால் குளோசபின் என்பதே நடைமுறை. ‘தவறாமல்’ என்பதை ரத்த அளவாலோ ஊசியாலோ உறுதிசெய்துகொள்வது நல்லது. மாத்திரையை நாக்கடியில் வைத்துத் துப்பிய ஒருவருக்குக் குளோசபின் தேவையே இருந்திருக்காது. ஆனால் உண்மையிலேயே தேவைப்படுபவருக்கு அதைத் தள்ளிப்போடுவது பெரும் இழப்பு. ‘கடைசி மருந்து’ என்று பயந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்து எங்களுக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

ரத்தப் பரிசோதனை எதற்கு? 100 பேரில் ஒருவருக்கும் குறைவாக, குளோசபின் வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். ஆபத்து முதல் 18 வாரத்தில் அதிகம். அதனால் அதுவரை வாரந்தோறும், பிறகு இடைவெளி விட்டு. நோய் எதிர்ப்பு சார்ந்த எச்எல்ஏ மரபணுக்களில் இரண்டு வகைகளுக்கும் இந்த ஆபத்துக்கும் தொடர்பு இருப்பது 2014-இல் தெரியவந்தது. ஆனால் அவை இல்லாத பலருக்கும் ஆபத்து வருவதால் ஊசி குத்துவதிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. இடையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். பனடால் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

சிகரெட் விஷயம் மிக முக்கியம். குளோசபினைச் சிதைப்பது சிஒய்பி1ஏ2 என்ற வேறு நொதி. சிகரெட் புகையில் உள்ள தார் வகைப் பொருள்கள் அந்த நொதியை முடுக்கிவிடும். நிகோடினுக்கு அதில் பங்கில்லை, ஆகவே நிகோடின் பட்டையோ மெல்லும் பசையோ பயன்படுத்தினாலும் முடுக்கம் நின்றுவிடும். நாளுக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் குளோசபின் பாதிக்கு மேல் கூடிவிடலாம். வாயில் எச்சில் வடிவது, எழுப்ப முடியாத தூக்கம், தள்ளாட்டம், கை திடீரென்று வெட்டுவது இவை அதன் அறிகுறிகள். முற்றினால் வலிப்பு. ஆகவே நிறுத்தச் சொல்லுங்கள், ஆனால் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு ரத்த அளவு, நிறுத்தி ஒரு வாரத்தில் இன்னொன்று எடுத்து, வழக்கமாக அந்த வாரத்துக்குள் கால்பங்கு குறைப்பார்கள். புகைக்க முடியாத வார்டில் அளவு சரிசெய்யப்பட்டு, வீடு திரும்பியதும் அடுக்குமாடி புளோக்கின் கீழே மீண்டும் பற்றவைத்தால் இதன் மறுபக்கம் நடக்கும். மருந்து மங்கி, சில வாரத்தில் குரல்கள் திரும்பும். மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்று வீட்டில் அவரைத் திட்டுவார்கள். அவர் ஒரு வேளை கூடத் தவறவிட்டிருக்க மாட்டார்.

காபியில் உள்ள காஃபின் இதே நொதிக்குப் போட்டியிடும். நாளுக்கு இரண்டு கோப்பை குடிப்பவர் திடீரென்று ஆறு குடித்தால் அளவு ஏறும். ஃப்ளூவோக்சமின் மாத்திரை பல மடங்கு ஏற்றும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லியும் ஏற்றும். கிளினிக்கில் வேறு மருந்து எழுதும்போது குளோசபின் சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும். கடும் காய்ச்சலில் நொதி தானாகவே மந்தமாகி அளவு இரண்டு மூன்று மடங்காகலாம்.

இவ்வளவும் நொதியை ஆட்டுவதால், குளோசபினுக்கு மரபணுவைப் பார்ப்பதைவிட ரத்தத்தில் மருந்தை அளப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. முதல் நாள் இரவு மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறி நிற்கும். ஒரு மில்லிலிட்டரில் 350 நானோகிராம் எட்டினால் பலன் எதிர்பார்க்கலாம். 600-ஐத் தாண்டினால் பக்கவிளைவும் வலிப்பு ஆபத்தும் கூடுகின்றன. பாகிஸ்தானிலிருந்து ஜப்பான் வரை உள்ள ஆசியர்களுக்கு இந்த 350-ஐ எட்ட மேற்கத்தியர்களைவிடக் குறைவான மாத்திரை போதும். புகைக்காத பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 175 மில்லிகிராம், புகைக்கும் ஆணுக்குச் சுமார் 300. வெளிநாட்டுப் புத்தகத்தில் 600 என்று இருப்பதைப் பார்த்து மருத்துவர் குறைத்துக் கொடுக்கிறார் என்று எண்ண வேண்டாம்.

விரதம் இருக்கலாம், மாத்திரையை விடக் கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தபின் பழைய அளவில் தொடங்கினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். மீண்டும் 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற வேண்டும். விரத நாளில் தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் கூடும். குளோசபினில் அது சிறு தொந்தரவு அல்ல, குடல் அடைத்து உயிரையே எடுத்திருக்கிறது. இரண்டு நாள் மலம் போகாவிட்டால் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். மூன்றாவது நாள் வாந்தி, வயிற்று உப்பல் இருந்தால் அவசரப் பிரிவு.

கார்பமசெபின் எழுதும் முன் ‘மரபணு ரத்தம்’ எடுத்தார்கள். மனநோய்க்கு எதற்கு அது? (அங் மோ கியோ)

அது நோய்க்கான பரிசோதனை அல்ல, தோலைக் காப்பாற்ற. எச்எல்ஏ-பி*15:02 என்ற வகை உள்ளவர்களுக்குக் கார்பமசெபின் தோலையும் வாய்ச் சவ்வையும் உரித்தெடுக்கும் கடும் ஒவ்வாமையைத் தரலாம். சீனரிடமும் மலாய்க்காரரிடமும் இது அதிகம், இந்தியரிடம் குறைவு என்றாலும் உண்டு. சிங்கப்பூரில் 2013 முதல் ஆசிய வம்சாவளியினருக்குப் புதிதாகத் தொடங்கும் முன் பார்ப்பது நடைமுறை. இருக்கிறது என்று வந்தால் மருந்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் வேறு யாராவது இதையே எழுதக்கூடும். குளோசபினோடு கார்பமசெபினைச் சேர்ப்பதில்லை, இரண்டும் வெள்ளை அணுக்களைக் குறைக்கும்.

ஓலன்சபின் தொடங்கி மூன்று மாதத்தில் மகள் 9 கிலோ கூடிவிட்டாள். அவள் தோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. (செங்காங்)

பசியை அடக்கும் மூளைப் பாதையில் எம்சி4ஆர் என்ற மரபணுவின் அருகே உள்ள ஒரு வகை, இந்த எடையேற்றத்தோடு 2012-இல் தொடர்புபடுத்தப்பட்டது. பரிசோதித்துப் பயன் இல்லை, ஏனென்றால் முதல் ஆறு வாரத்து எடையே அதைவிட நன்றாகச் சொல்லிவிடும். தொடங்கிய நாளில் எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு அளவுகள் எடுத்து, முதல் ஆறு வாரம் வாரந்தோறும் எடை பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் உடனே பேசுங்கள். அரிப்பிப்ரசோல் போன்ற எடை கூட்டாத மருந்துக்கு மாற்றலாம், அல்லது மெட்ஃபார்மின் சேர்க்கலாம். இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் முன்கூட்டியே வருவதால், ஆசியர்களுக்கு 23-க்கு மேல் உடற்பருமன் குறியீடு போனாலே கவனம் தேவை. மகளுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டர் எல்லை. மனச்சிதைவு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் இருக்கிறது. வெளிநோயாளிச் செலவுக்கு அதைப் பயன்படுத்த முடியுமா என்று மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் தானாக நிறுத்திவிட வேண்டாம், எடை இறங்குமுன் நோய் திரும்பிவிடும்.